பிடிபட்டவர்கள் பணிந்துவிட்டார்களா? தெரியுமா?

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கிறதே கடற்கோட்டை, 1658இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த போர்த்துக்கேயரைப் பணியவைத்தது தண்ணீர்த் தட்டுப்பாடு என்பது தெரியுமா? சுற்றிவரக் கடல், குடிக்க நீரில்லை! பின்னாளில் அதே கோட்டை சிறைச்சாலையும் ஆனது. 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி.யினரையும் அங்கே அடைத்தார்கள்.

ஆனால் உடலை அடைக்கலாம், மனதை அடைக்க முடியுமா? இலங்கையில் சிறைப்பட்டவர்கள் செய்த வேலைகளைப் பாருங்கள்!

ஒரு தொப்பிக்கு ஒரு வேதாகமம்! 1660இல் கொட்டியாற்றில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிக்கிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸுக்கு அப்போது வயது 19. ஒருநாள் காய்ச்சலோடு மீன்பிடித்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு முதியவரிடம் இருந்த ஆங்கில வேதாகமம் விலைக்கு வந்தது. கடைசிப் பொற்காசையே கொடுக்கத் துணிந்தார் நொக்ஸ். 'பொறுங்கள்' என்று தடுத்தான் உடனிருந்த சிறுவன். கடைசியில் கையால் பின்னிய ஒரு தொப்பிக்கே புத்தகம் கிடைத்தது!

வியாபாரமே விடுதலை வழி! தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், ஊர் ஊராகச் சரக்கு சுமந்தார். அந்த நடையிலேயே பாதைகளையும் படித்துக்கொண்டார். 1679இல் மிளகு, உள்ளி, சீப்பு விற்கும் வியாபாரி போலக் கிளம்பி, தோழர் ஸ்டீபன் றட்லண்டோடு காடு கடந்து ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 19 ஆண்டுச் சிறை முடிந்தது!

முள்ளுக்கம்பிக்குள் ஒரு பத்திரிகை! 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை, அதாவது அங்கு குடியேறிய ஒல்லாந்த வழியினரை, ஆங்கிலேயர் தியத்தலாவைக்குக் கொண்டுவந்தனர். அவர்களோ மரத்தில் கைத்தடியும் பொம்மையும் செதுக்கினார்கள். 'முள்ளுக்கம்பி' என்றே பெயர் வைத்துச் சொந்தப் பத்திரிகையும் நடத்தினார்கள்!

கடலில் குதித்த ஐவர்! 1901 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற போயர் போர்க் கைதிகளின் கப்பலிலிருந்து ஐந்து பேர் இரவில் நீந்தி ரஷ்யக் கப்பலொன்றில் ஏறினார்கள். ரஷ்யா, ஜேர்மனி, நெதர்லாந்து என்று சுற்றி மீண்டும் போர்க்களத்துக்கே போனார்கள்!

சத்தியம் செய்யாத காவலர்! போயர் போர் முடிந்தபின், ஆங்கிலேய மன்னருக்கு விசுவாசச் சத்தியம் செய்தால் ஊர் திரும்பலாம் என்று கைதிகளுக்குச் சொல்லப்பட்டது. போயர் கைதி ஹென்றி எங்கல்பிரெக்ட் மறுத்தார், இங்கேயே தங்கினார். யால சரணாலயத்தின் முதல் காவல் அதிகாரி அவர்தான்! அடுத்த முறை யாலவுக்குப் போனால், தலைவணங்காத அந்தக் கைதியின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.