கடலடிப் பாறைக்கு 30 ஆண்டுக் காவல்!

வட துருவத்தின் அருகே ஓர் அபூர்வ ஆராய்ச்சி

பனிக்கட்டி போல் குளிர்ந்த கடல். அதில் ஒரு படகு நிற்கிறது. படகிலிருந்து ஒரு மனிதர் தண்ணீரில் இறங்குகிறார். தண்ணீர் புகாத தடித்த உடை அணிந்திருக்கிறார். முதுகில் காற்று அடைத்த உருளை. கையில் காமிரா.

அவர் நேராகக் கீழே போகிறார். சுமார் 50 அடி ஆழத்தில் ஒரு பாறை இருக்கிறது. அந்தப் பாறையில் முன்பே சில கட்டங்கள் குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தையும் அவர் போட்டோ எடுக்கிறார். பிறகு மேலே வந்துவிடுகிறார்.

அடுத்த ஆண்டு மறுபடியும் அதே இடம். அதே பாறை. அதே கட்டங்கள். மறுபடியும் போட்டோ!

இப்படி ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. 1980-ஆம் ஆண்டு முதல் 2010-ஆம் ஆண்டு வரை, 30 ஆண்டுகள் இந்த வேலை நடந்தது.

அவர்கள் புதையல் தேடவில்லை. முத்துக் குளிக்கவில்லை. அந்தப் பாறையில் எத்தனை பிராணிகள் இருக்கின்றன என்று எண்ணினார்கள். அவ்வளவுதான்!

இதற்காகவா இத்தனை பாடு? ஆம். அந்தப் பாறை ஒரு பெரிய செய்தியைச் சொல்லிற்று. அந்தச் செய்தியைக் கேட்க 30 ஆண்டுப் பொறுமை வேண்டியிருந்தது.

நான்கு மாத இரவு

நார்வே நாட்டுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் கடல் ஒரு நீண்ட விரல்போல் மலைகளுக்கு நடுவே நுழைந்திருக்கிறது. அதற்குக் கோங்ஸ்பியோர்டு என்று பெயர். "அரசனின் கடல்கால்" என்பது அதன் பொருள்.

கரையில் நி-ஆலசுண்ட் என்ற சின்னஞ்சிறு ஊர். முன்பு அங்கே நிலக்கரி வெட்டினார்கள். 1962-ஆம் ஆண்டில் சுரங்கத்தில் வெடி விபத்து ஏற்பட்டது. 21 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு சுரங்க வேலை நின்றுவிட்டது. பிறகு அந்த ஊர் விஞ்ஞானிகளின் ஊராக மாறிவிட்டது.

அங்கே கோடையில் சுமார் நான்கு மாதம் சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவிலும் வெயில் அடிக்கும்! குளிர்காலத்தில் சுமார் நான்கு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. நண்பகலிலும் இருட்டுதான்!

ஊரை விட்டு வெளியே போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துச் செல்வார்கள். காரணம், வெள்ளைக் கரடி.

இருட்டிலும் குடித்தனம்

இவ்வளவு குளிரில் கடலுக்கு அடியில் என்ன இருக்கப் போகிறது என்று தோன்றும். ஆனால் அங்கே பெரிய ஊரே இருக்கிறது!

பூப்போல விரிந்து, வரும் இரையைப் பிடித்து விழுங்கும் கடல் சாமந்தி இருக்கிறது. பெயர்தான் பூ. அது பூ அல்ல, பிராணி. உடம்பெல்லாம் முள்ளாக உள்ள கடல் முள்ளெலி இருக்கிறது. நட்சத்திர மீன் இருக்கிறது. காலிச் சங்கைத் தேடி அதில் குடியேறும் நண்டு இருக்கிறது. சேற்றில் குழாய் கட்டி வாழும் புழுக்களும், மண்ணில் புதைந்து கிடக்கும் சிப்பிகளும் ஏராளம்.

நான்கு மாத இருட்டில் இவை எல்லாம் தூங்கிக் கிடக்கும் என்று வெகு காலமாக எண்ணி வந்தார்கள். சில விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் வந்தது. ஜனவரி மாதத்திலேயே அங்கே போனார்கள். இரையைக் கட்டிக் காமிராவைக் கடலில் இறக்கினார்கள். இருட்டில் நத்தைகளும் நண்டுகளும் இரையைத் தேடி ஊர்ந்து வந்தன! சிப்பிகளின் ஓடும் வளர்ந்துகொண்டிருந்தது. இந்த ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்தது.

இவற்றுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? மேலே இருந்து வருகிறது. வசந்த காலத்தில் வெயில் வந்ததும், கண்ணுக்குத் தெரியாத சிறு பாசிகள் கடலின் மேல்மட்டத்தில் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அவற்றில் ஒரு பகுதி செத்து, தூறல்போல் மெல்லக் கீழே விழுகிறது. அதுதான் கடல் தரைக்கு அன்னம்.

எண்ணுவது எப்படி?

கடல் தரையில் உள்ள பிராணிகளை எண்ணும் வேலை நூறு ஆண்டுக்கு மேல் பழமையானது. டென்மார்க் நாட்டு விஞ்ஞானி பீட்டர்சன், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஆரம்பித்தார். மீன்களுக்குக் கடல் தரையில் எவ்வளவு இரை இருக்கிறது என்று கணக்கெடுக்க அவர் ஆசைப்பட்டார். எண்ணிப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. ஒரே விதமான தரையில், ஒரே விதமான பிராணிகள் சேர்ந்து வாழ்கின்றன! ஒரு தெருவில் தச்சர், ஒரு தெருவில் நெசவாளர் என்று குடியிருப்பதுபோல!

சேற்றுத் தரையில் எண்ணுவதற்கு ஒரு கருவி இருக்கிறது. இரண்டு பெரிய இரும்புக் கரண்டிகளைச் சேர்த்தாற்போல் அது இருக்கும். வாயைத் திறந்தபடி கப்பலிலிருந்து கயிற்றில் இறக்குவார்கள். தரையைத் தொட்டதும் கொக்கி விடுபடும். கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். ஒரு வாய்ச் சேறு மேலே வரும்.

அந்தச் சேற்றைச் சல்லடையில் போட்டுக் கடல் தண்ணீரால் கழுவுவார்கள். சேறு போய்விடும். புழு, சிப்பி, நண்டு எல்லாம் சல்லடையில் தங்கும். அவற்றை மருந்தில் போட்டு வைத்து, பின்னர் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவார்கள். ஒரு வாய்ச் சேற்றிலே நூற்றுக்கணக்கான பிராணிகள் இருப்பதுண்டு. கண் வலிக்கும் வேலை!

போலந்து நாட்டு விஞ்ஞானிகள் கோங்ஸ்பியோர்டில் இப்படிப் பல ஆண்டு சேறு அள்ளிப் பார்த்திருக்கிறார்கள். கடல்காலின் உட்கோடியில் பனி மலைகள் கடலைத் தொடுகின்றன. அவை உருகி வரும் தண்ணீரில் மாவுபோல் மண் கலந்து வருகிறது. அந்த மண் ஓயாமல் தரையில் படிகிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிராணி புதைந்து போகும். ஆகையால் உட்கோடியில் நகரக்கூடிய சிறு பிராணிகளே பிழைக்கின்றன. பெரியவையும், பல வகையானவையும் வெளிவாயில் பக்கமே வாழ்கின்றன.

ஓடாத சாட்சி

தண்ணீர் பிடிக்காவிட்டால் மீன் வேறிடம் போய்விடும். திமிங்கிலமும் போய்விடும். பாறையில் ஒட்டிய பிராணி எங்கே போகும்? வெயிலோ, குளிரோ, பசியோ, எல்லாவற்றையும் அங்கேயே இருந்து தாங்க வேண்டும். தாங்க முடியாவிட்டால் சாக வேண்டும்.

ஆகவே அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு, ஒட்டிய பிராணியே நல்ல சாட்சி. ஓடாத சாட்சி!

இதை உணர்ந்தவர் பியோர்ன் குல்லிக்சென் என்ற நார்வே விஞ்ஞானி. 1980-ல் அவரும் தோழர்களும் கோங்ஸ்பியோர்டின் பாறையில் கட்டங்களைக் குறித்தார்கள். சில கட்டங்களைச் சுத்தமாகச் சுரண்டினார்கள். ஒரு பிராணி இல்லாமல் மொட்டைப் பாறை ஆக்கினார்கள். மற்றக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சுரண்டிய இடத்தில் பிராணிகள் மறுபடி குடியேற எவ்வளவு காலம் ஆகும்? அதுதான் கேள்வி. வெப்பமான கடல்களில் மொட்டைப் பாறை வெகு சீக்கிரம் மூடிவிடும்.

ஆனால் இங்கே பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று! அதற்குப் பிறகுதான் சுரண்டிய கட்டம் பக்கத்துக் கட்டம்போல் ஆயிற்று. ஒரு நாளில் சுரண்டியதை ஈடுசெய்ய ஒரு பத்தாண்டு போதவில்லை! ஆர்க்டிக் கடல் தரையில் வாழ்வு அவ்வளவு மெதுவாக நடக்கிறது.

பால் பொங்கியது!

முதல் பதினைந்து ஆண்டு போட்டோக்களில் பெரிய மாறுதல் இல்லை. பாறையில் சுண்ணாம்பு பூசினாற்போன்ற இளஞ்சிவப்புப் பாசி. நடுநடுவே கடல் சாமந்திகள். பெரிய இலைப்பாசிகள் மிகக் கொஞ்சம். நூற்றுக்கு 8 பங்கு இடத்தில்தான் அவை இருந்தன.

ஒரே காட்சியை ஆண்டுதோறும் படம் பிடிப்பது வீண் வேலை என்று வேறு யாராவது நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் நிறுத்தவில்லை.

1995-ஆம் ஆண்டு வாக்கில் அந்த மாறுதல் வந்தது. திடீரென்று பாறையில் பாசி மண்டிவிட்டது! 8 பங்கு இருந்த பாசி 40 பங்கு ஆயிற்று. கடல் சாமந்திகள் குறைந்து போயின. பாறையில் குடியிருந்த பிராணிகளின் வரிசையே மாறிவிட்டது.

இது ஓர் இடத்து விபத்தாக இருக்கலாமோ? வடக்கே ஸ்மீரன்புர்க்பியோர்டு என்ற இன்னொரு கடல்காலிலும் அவர்கள் இதேபோல் போட்டோ எடுத்து வந்தார்கள். அங்கே 2000-ஆம் ஆண்டில் அதே கதை நடந்தது. 3 பங்கு இருந்த பாசி 26 பங்கு ஆயிற்று!

சூசான் கோர்ச் என்ற பெண் விஞ்ஞானியும் மற்றவர்களும் இந்தப் போட்டோக்களை எல்லாம் ஆராய்ந்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள்.

காரணம் என்ன? கடல் தண்ணீரின் சூடு சிறிது சிறிதாக ஏறிவந்தது. பனிக்கட்டி மூடாத நாட்கள் சிறிது சிறிதாகப் பெருகின. கடலைப் பனிக்கட்டி மூடியிருந்தால் அடியில் இருட்டு. பனிக்கட்டி சீக்கிரம் விலகினால், மறையாத கோடைச் சூரியனின் வெளிச்சம் தரைக்குக் கிடைக்கும். வெளிச்சம் கிடைத்தால் பாசி வளரும்.

சூடு மெதுவாகத்தான் ஏறியது. மாறுதல் மட்டும் ஏன் திடீரென்று வந்தது? அடுப்பில் வைத்த பாலைப் பாருங்கள். வெகு நேரம் சும்மா இருக்கும். சூடு ஏறிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு கணம் திரும்பினால், பொங்கி வழிந்துவிடும்! கடல் தரையும் அப்படித்தான். பதினைந்து ஆண்டு பொறுத்தது. பிறகு பொங்கியது.

ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்த விருந்தாளி

2004-ல் ஸ்வால்பார்ட் கரையில் இன்னொரு அதிசயம் தெரிந்தது. நீலச் சிப்பி என்ற ஒரு வகைச் சிப்பி உயிரோடு அகப்பட்டது. அந்தச் சிப்பி சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அந்தக் கரையிலிருந்து மறைந்துபோனது. தெற்கேயிருந்து வரும் வெப்ப நீரோட்டம் அதன் குஞ்சுகளை மறுபடி கொண்டுவந்து சேர்த்திருக்கிறது!

சிப்பிகள் இன்னொரு விதத்திலும் சாட்சி சொல்கின்றன. மரத்தை அறுத்தால் வளையம் தெரியும். அதுபோல் சில சிப்பிகளின் ஓட்டிலும் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். 2006-ல் ஐஸ்லாந்துக் கடலில் எடுத்த ஒரு சிப்பியின் வளையங்களை எண்ணினார்கள். வயது 507! அது பிறந்தது 1499-ஆம் ஆண்டு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கியதற்கு அடுத்த ஆண்டு! ஐந்நூறு ஆண்டுக் கடலின் கதை அந்த ஓட்டில் வளையம் வளையமாகப் பதிந்திருக்கிறது.

சென்னையில் உருவான கருவி

கோங்ஸ்பியோர்டைக் காவல் காக்க இந்தியாவும் போயிருக்கிறது. நி-ஆலசுண்டில் 2008-ல் இந்தியா "ஹிமாத்ரி" என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. 2014 ஜூலையில் கோங்ஸ்பியோர்டின் தண்ணீருக்குள் ஒரு கருவித் தொடரை இந்திய விஞ்ஞானிகள் இறக்கினார்கள். "இண்டார்க்" என்று அதற்குப் பெயர். 192 மீட்டர் ஆழத்தில் அதை நங்கூரமிட்டார்கள். தண்ணீரின் சூடு, உப்பு, நீரோட்டம் ஆகியவற்றை அது குறித்துவைத்தது. அதை உருவாக்கியதில் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

தண்ணீர் எவ்வளவு சூடாயிற்று என்று கருவி சொல்லும். அந்தச் சூட்டினால் யாருடைய குடும்பம் கலைந்தது என்று கருவிக்குத் தெரியாது. அதைப் பாறைதான் சொல்ல வேண்டும்.

யாருக்கு நஷ்டம்?

கடல் சாமந்தி குறைந்தால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். பாறையும் சேறும் தனித்தனி உலகம் அல்ல. தரையில் வாழ்பவற்றை நம்பியே மேலே பல ஜீவன்கள் பிழைக்கின்றன. வால்ரஸ் என்று ஒரு பிராணி. யானைபோல் இரண்டு தந்தம். மீசை வைத்த முகம். அது கடல் தரையைத் துழாவி, ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் தின்னும். தந்தத்துக்காகவும் கொழுப்புக்காகவும் மனிதர்கள் அதை 300 ஆண்டுக்கு மேல் வேட்டையாடினார்கள். ஸ்வால்பார்டில் அநேகமாக அது அற்றுப்போகும் நிலை வந்தது. 1952-ல் வேட்டை தடை செய்யப்பட்டது. அதன்பின் அவை மெல்லப் பெருகின. ஆனால் துப்பாக்கியைத் தடுக்கலாம். சட்டம் போட்டுச் சிப்பியை வளர்க்க முடியுமா?

பழைய போட்டோக்களின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. 1980-ல் அந்தப் பாறை எப்படி இருந்தது என்பது அந்தப் படங்களில்தான் இருக்கிறது. யாரும் படம் எடுத்திராவிட்டால், 2010-ல் இறங்கிப் பார்த்தவர், பாசி மண்டிய பாறையைக் கண்டு, "இது எப்போதும் இப்படித்தான்" என்று எண்ணித் திரும்பியிருப்பார். என்ன போயிற்று என்பதே உலகத்துக்குத் தெரிந்திராது.

பதினைந்து ஆண்டு ஒன்றும் நடக்காத பாறையை, சலிக்காமல் படம் எடுத்தார்கள். பதினாறாம் ஆண்டுக்கு அந்தப் படங்கள்தான் சாட்சி!