'ஏன் கத்தல?' என்று கேட்பதற்கு முன்

நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்றே எழுதிவந்தன. சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அழிந்தது அவளுடைய கற்பு. அழித்தவன் அதில் எங்கேயும் இல்லை. இப்போது பல இதழ்கள் 'பாலியல் வன்கொடுமை', 'வன்புணர்வு' என்று எழுதுகின்றன. ஆனால் விஷயம் தெரிந்ததும் வீட்டில் எழுகிற முதல் கேள்வி இன்னும் பழையதுதான்: "நீ ஏன் கத்தல?"

ஆபத்து வந்தால் மனிதர் எதிர்ப்பார்கள், இல்லையேல் ஓடுவார்கள் என்று நினைக்கிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு: உறைந்துபோவது. கை கால் அசையாது, தொண்டையிலிருந்து குரல் எழும்பாது, யாருக்கோ நடப்பதுபோல் இருக்கும். அவள் யோசித்து எடுக்கும் முடிவல்ல இது. உடம்பு தானாகச் செய்வது. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளானோருக்கான அவசர மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் உடல் உறைந்துபோனதாகச் சொன்னார்கள். போதாததற்கு, பெரும்பாலும் செய்தவன் தெரிந்தவன். சித்தப்பாவையோ டியூஷன் மாஸ்டரையோ பார்த்துக் கத்துவதற்கு, நடப்பது இன்னதென்று மனம் முதலில் நம்ப வேண்டுமே.

நினைவும் அப்படித்தான். ஃபேன் சுற்றிய சத்தம் துல்லியமாக நினைவிருக்கும். மணி எத்தனை என்பது இருக்காது. "நேத்து ஒண்ணு சொன்னா, இன்னைக்கு ஒண்ணு சொல்றா" என்பதை வைத்து அவள் பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்ட முடியாது.

எதிர்க்காமல் இருப்பது சம்மதமல்ல என்பதைச் சட்டம் கற்றுக்கொள்ளவே பல ஆண்டுகள் ஆயின. 1972-ல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்புணர்வு செய்யப்பட்டாள். உடம்பில் காயமில்லை, எதிர்த்ததற்கான அடையாளமில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. 1979-ல் நான்கு சட்ட ஆசிரியர்கள் அந்தத் தீர்ப்பைக் கண்டித்துத் திறந்த கடிதம் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதம் என்று கொள்ளக் கூடாது என 2013 திருத்தம் எழுத்திலேயே சொன்னது. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவிலும் அது இருக்கிறது. அதே பிரிவு, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் செய்வதை வன்புணர்வாகக் கருதுவதில்லை. அவளுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம்தான். வயது வந்த ஆணுக்கு இந்தப் பிரிவில் இடமே இல்லை. சிறுவர்களுக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் உண்டு.

அவசர நேரத்தில் தேவைப்படுவதைச் சொல்லிவிடுகிறேன். முதல் 72 மணி நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிக்கத்தான் தோன்றும், முடிந்தால் பரிசோதனை வரை தள்ளிப்போடலாம். குளித்துவிட்டாலும் குடிமுழுகிப் போகாது, மருத்துவமனைக்குப் போகலாம். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தந்தே ஆக வேண்டும், மறுப்பது குற்றம். அவர்கள் போலீசுக்குத் தகவல் சொல்வார்கள். ஆனால் பரிசோதனைக்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் வயது வந்த பெண்ணின் உரிமை. வழக்கு வேண்டாம் என்றாலும் சிகிச்சை உண்டு. 'இரு விரல் சோதனை' செய்யக் கூடாது. செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவராவார் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், 'எங்க எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி பதிவுசெய்வார். 181-ஐ அழைத்தால் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள்; தங்க இடம், ஆலோசனை, சட்ட உதவி எல்லாவற்றுக்கும் அங்கே வழி உண்டு. குழந்தை என்றால் 1098.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் வீண் பயமல்ல. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019-ல் புகார் கொடுத்தவரின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியில் சொன்னார். சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். அதற்குப் பிறகும் அந்த வழக்கில் சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை. 2025 மே மாதம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது.

தேறுவது காலண்டர் பார்த்து நடக்காது. ஆறு மாதம் நன்றாக இருந்தவள், பேருந்தில் யாரோ தடவியிருந்த தலைத்தைல வாசனையில் வியர்த்துப்போய் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். தூக்கம் வராமை, எரிச்சல், 'என் தப்போ' என்ற குடைச்சல் எல்லாம் வரும். மன அதிர்ச்சிக்கென்றே பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் இருக்கிறார்கள். 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

உங்களிடம் அவள் சொன்னால், "நான் நம்புறேன், இது உன் தப்பு இல்ல" என்பது போதும். "இப்ப என்ன செய்யணும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள், பதில் உடனே வராவிட்டால் காத்திருங்கள். அவள் கேட்காமல் கட்டிப்பிடிக்காதீர்கள், அவள் சம்மதிக்காமல் அண்ணனிடம் சொல்லாதீர்கள். ராத்திரி விளக்கை எரியவிட்டுத் தூங்கினால், கரண்ட் பில்லைப் பற்றிப் பேசாமல் எரியட்டும் என்று விடுங்கள்.