உறக்கமின்மையும் உறக்க மூச்சுத்தடையும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட லயங்களில் ஒருவரின் குறட்டையை அடுத்த காம்பராவும் அறியும். அதனை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமென்பர் பலர். உண்மை அதுவன்று. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மீண்டும் மீண்டும் அடைபடுவதன் அறிகுறியாகவும் அது இருத்தல் கூடும். இம்மூச்சுத்தடையோடு உறக்கமின்மையும் கூடிநிற்றலைக் கில்லெமினோ குழுவினர் 1973இல் எடுத்துரைத்தனர்.

1981இல் சிட்னி மருத்துவர் சலிவன் வெளியிட்ட காற்றழுத்தக் கருவி அடைப்பை நீக்கும். ஆயின், உறக்கம் வாராதோர் அதன் முகமூடியைப் பொறுத்தல் அரிது. மதுவோ தசைகளை மேலும் தளர்த்தும்; தூக்க மாத்திரையும் சிலர்க்கு அவ்வாறே. ஆதலின், படுக்கை நேரத்தை ஒழுங்குபடுத்தும் உளநடத்தைப் பயிற்சியை முன்னர் அளித்தல் நன்று. 2019இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், அப்பயிற்சி பெற்றோர் ஏனையோரினும் சராசரியாக இரவுக்கு 61 நிமிடம் மிகுதியாகக் கருவியைப் பயன்படுத்தினர். பகலில் மிக அயர்வோர்க்கு இப்பயிற்சி மருத்துவர் மேற்பார்வையிலேயே தகும். மலைச்சரிவில் கத்தியேந்தி உழைப்போர்க்கு அயர்வு ஊறு விளைக்குமன்றோ!

விடியலிற் பிரட்டுக் களத்திற் கண்ணயர்வோரைச் சோம்பரெனத் தூற்றுதல் தகாது. அவர்தம் இரவு எவ்வாறு கழிந்ததென வினவுதலே முறை.