கவலையுற்ற மனமும் முடிவும்

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாறாயின் பதறிச் சிதறவிடுவோர் அறிவிலே குறைந்தவரா? இல்லை என்பதனை ஆராய்ச்சியாளர் நம் தமிழ்நாட்டு வயல்களிலேயே கண்டுள்ளனர்.

கரும்பு பயிரிடுவோர்க்கு வெட்டு முடிந்து ஆலை பணம் அளித்த பின்னரே கை நிறையும். அதற்கு முந்திய மாதங்களில் கடனும் அடகுமே துணை. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்பும் பின்பும் சோதித்து, 2013ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டனர். அடகு வைத்தோர் முன்பு நூற்றுக்கு 78, பின்பு 4. அதே விவசாயிகள் பணமுடைக் காலத்தில் அறிவுச் சோதனைகளில் பின்தங்கினர். பணம் வந்த பின் தேறினர். அறிவு எங்கும் போய்விடவில்லை; பணத்தைப் பற்றிய எண்ணமே அதன் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

அச்சமும் அதிர்ச்சியும் இதனினும் கொடியவை. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியே நன்மை தீமைகளை எடைபோடுவது. ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்னும் சிறு பகுதி ஓங்கும்போது முன்னது தளர்கிறது. பாம்பைக் கண்டு விலகுவதற்கு அது நன்று. பத்திரத்தில் கையொப்பமிடுவதற்கு நன்றன்று.

லோதி ரோட்டுத் தமிழர்க்கு இது தொலைவான செய்தியன்று. அருகே ஜங்புராவில், பாராபுல்லா வாய்க்காற் கரையில் பல்லாண்டுகள் தமிழர் வாழ்ந்த மதராஸி கேம்ப், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகள் அங்கிருந்தன. தகுதி பெற்றோர்க்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு. ஏனையோர்க்கு அதுவும் இல்லை. பிழைப்பு என்னாவது, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி என்னாவது, ஊர் திரும்புவதா என்பனவற்றைச் சில வாரங்களுக்குள் முடிவு செய்யவேண்டிய நிலை. அத்தகையோரை நோக்கி, "இதுகூடவா தெரியவில்லை?" என்று கேட்பது அறமாகாது.

நாம் மருத்துவரல்லோம்; ரயில்வே எழுத்தரே. எனினும் அண்டை வீட்டார் கடமை இன்னதெனக் கூறலாம். துன்புற்ற குடும்பத்தார்க்கு அறிவுரைக்கு முன்னே உணவும் உறங்க இடமும் அளிப்போம். அரசுத் தாள்களைப் படித்துக் காட்டி, விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். அவசரமற்ற முடிவுகளை ஒரு வாரமேனும் தள்ளிவைக்கச் சொல்வோம். உறக்கமின்மையும் திகிலும் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 14416 என்னும் எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையில் தமிழிலும் பேசலாம்.

கலங்கிய நீர் தெளியச் சிறிது நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பிறர்க்கு ஈட்டித் தருவதும் ஓர் உதவியே.