விலைப்பட்டியலில் வரும் வலை

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிவகாசியின் விலைப்பட்டியல்கள் வாட்ஸ்ஆப்பில் ஊர் ஊராகப் புறப்பட்டுவிடும். லட்சுமி வெடி, புஸ்வாணம், தரைச்சக்கரம், கிஃப்ட் பாக்ஸ். அச்சடித்த விலை ஒரு பக்கம், அதை அடித்துவிட்டு 80 சதவீதத் தள்ளுபடி இன்னொரு பக்கம். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சீசன் நேரத்தில் பட்டியலை ஃபார்வர்டு செய்வதும், மெசேஜுக்குப் பதில் போடுவதும், பணம் ஏறிவிட்டதா என்று பார்ப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளின் வேலை.

அதே பட்டியலைத்தான் மோசடிக்காரர்களும் அனுப்புகிறார்கள். 2024 அக்டோபரில், தீபாவளிக்குச் சற்று முன்பு, போலிப் பட்டாசு வலைதளங்கள் குறித்துத் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு பொதுமக்களை எச்சரித்தது. சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம் வரும். தொட்டால் பளபளப்பான தளம் திறக்கும். பணம் செலுத்திய பிறகு சரக்கும் வராது, போனையும் எடுக்க மாட்டார்கள். ஏமாந்தவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பழி வந்து விழுவது சிவகாசியின் பெயர் மீது.

இந்த மோசடி ஏன் இவ்வளவு எளிதாக எடுபடுகிறது? பட்டாசை இணையத்தில் விற்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகு சிவகாசித் தளங்கள் பலவற்றில் ஒரு குறிப்பு இடம்பெற்றது: நீதிமன்ற உத்தரவுப்படி ஆன்லைன் விற்பனை இல்லை, வேண்டியதைத் தேர்வு செய்து விசாரணையாக அனுப்புங்கள், 24 மணி நேரத்தில் நாங்களே அழைக்கிறோம். ஆக, வாடிக்கையாளருக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருவதும், அழைத்தவர் சொல்லும் கணக்குக்கு முன்பணம் போடுவதும் இந்தத் தொழிலில் பழகிப்போன நடைமுறை. போலித் தளம் நடத்துகிறவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்தக் குறிப்பை வரி மாறாமல் எடுத்து ஒட்டினால் போதும், பார்ப்பவருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

பள்ளிகளில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் 'ஓடிபியைச் சொல்லாதே' என்பது தவறாமல் வரும். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். ஆனால் பட்டாசு மோசடியில் யாரும் ஓடிபி கேட்பதே இல்லை. பணத்தை நாமே விரும்பி அனுப்புகிறோம். எனவே விஸ்வநத்தத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் அவர்கள் ஊர்த் தொழிலிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு விலைப்பட்டியலை மேசையில் விரித்து, இதில் நகலெடுக்க முடியாதது எது என்று கேட்க வேண்டும். கடைப் பெயர், லோகோ, பெட்டிப் படம், உரிமத்தின் புகைப்படம், ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் நகலெடுத்துவிடலாம். வலைமுகவரி பதிவான தேதியை அப்படி மாற்ற முடியாது. 'ஹூ இஸ்' தேடலில் போட்டுப் பார்த்தால், முப்பது வருடப் பாரம்பரியம் பேசும் கடையின் முகவரி போன மாதம் வாங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். பின் நம்பரைத் தட்டுவதற்கு முன் யுபிஐ திரையில் தெரியும் பெயரும் அப்படித்தான். கடைக்கு ஒரு பெயர், கணக்கில் சம்பந்தமே இல்லாத வேறொரு பெயர் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வெளியூர்க்காரருக்கு இல்லாத ஒரு வசதி இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. பட்டியலில் போட்டிருக்கும் கடை அந்த இடத்தில் இருக்கிறதா என்று சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்துவிடலாம். சென்னையில் இருக்கும் சித்தப்பா ஆர்டர் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய ஆள் இங்கேதான் இருக்கிறார்.

ஏமாறுவது மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. ஏமாற்றிய பணம் போய்ச் சேர ஒரு வங்கிக் கணக்கு வேண்டுமே! அதற்காகத்தான் பதினெட்டு வயது முடிந்து முதல் கணக்குத் தொடங்கிய பையன்களைத் தேடி வருகிறார்கள். 'உன் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு, கமிஷன் தருகிறோம்' என்பார்கள். இப்படிக் கணக்கைக் கொடுத்தவர்களையும் தேடித்தான் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு 2024 டிசம்பரில் 'ஆபரேஷன் திரைநீக்கு' நடத்தி 76 பேரைக் கைது செய்தது. மோசடி செய்தவன் எங்கோ இருப்பான். வழக்கில் முதலில் வரும் பெயர் கணக்கு வைத்திருப்பவருடையது. பள்ளி முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவனையும் தனியாக உட்கார வைத்து இதைச் சொல்ல வேண்டும்.

மோசடி பட்டாசோடு நிற்பதில்லை. கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று க்யூஆர் கோடு அனுப்பி, பின் நம்பரைப் போட வைத்துப் பெற்றோரை ஏமாற்றியதும் தமிழ்நாட்டில் நடந்ததுதான். நமக்கு வரும் பணத்துக்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. பணம் நம்மிடமிருந்து போவதற்குத்தான் அது வேண்டும். இந்த ஒன்று புரிந்தாலே இப்படிப்பட்ட மோசடி அடிபட்டுப்போகும்.

பட்டாசு வட்டாரத்துக்கென்றே இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. காலையில் வேலைக்குப் போன அம்மாவை நடுப்பகலில் பிள்ளையால் கூப்பிட முடியாது. 'பத்து நிமிடத்தில் பணம் போடாவிட்டால் ஆஃபர் முடிந்துவிடும்' என்ற மெசேஜ் வரும்போது வீட்டில் போனும் பிள்ளையும்தான் இருக்கும். பணம் போய்விட்டால் அடி விழுமே, போனைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயத்தில் பிள்ளைகள் சாயங்காலம் வரை வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்தச் சில மணி நேரத்தில் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி, கடைசியில் ரொக்கமாக வெளியே போய்விடும். 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிகளுக்குத் தகவல் பறந்து, மிச்சம் இருப்பதையாவது முடக்க வாய்ப்பிருக்கிறது. பெரியவர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல் பிள்ளையே அழைக்கலாம். எழுத்துப்பூர்வமான புகாரைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம்.

இந்த சீசன் தொடங்குவதற்குள் அந்த எண்ணை வீட்டுப் போனில் சேமித்து வையுங்கள். 'பணம் போயிருச்சும்மா' என்று பிள்ளை வந்து நின்றால் முதலில் 1930-ஐ அழையுங்கள், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.