சராசரிக்குள் மறையும் காலனிப் பிள்ளை

"நம்ம பிள்ளைங்க எல்லாம் ஒல்லி. உடல் பருமனைத் தடுக்கும் திட்டம் நமக்கு எதுக்கு?" காலனியில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பட்டியல் சாதிக் குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். எடை மிகுந்தவர்கள் 3.4 சதவீதம்தான். ஆனால் முந்தைய ஆய்வில் அது 2.1 ஆக இருந்தது.

இரண்டும் வேறு வேறு வீட்டுக் கதை அல்ல. கருவிலேயே சத்துக் குறைந்து வளர்ந்த உடலில் பின்னாளில் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்தால், சர்க்கரை நோய் எளிதில் பிடித்துக்கொள்கிறது. விடியுமுன் கூலி வேலைக்குப் போகும் தாய் பத்து ரூபாயைப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டுப் போகிறார். அந்தப் பத்து ரூபாய்க்கு எதிரே பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகின்றன பாக்கெட்டுகள்.

ஆகவே திட்டம் நமக்கும் வேண்டும். அது பலித்ததா என்பதை எப்படி அறிவது?

அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய சோமர்வில், வெளிநாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த ஊர். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2002-இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினர். பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்வதோடு நிற்கவில்லை. பள்ளிச் சமையலை மாற்றினார்கள், பிள்ளைகள் நடந்து பள்ளிக்கு வர வழி செய்தார்கள், உணவகங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை உயரமும் எடையும் முன்னும் பின்னும் அளந்தார்கள். திட்டம் நடக்காத வேறு இரண்டு ஊர்களிலும் அதேபோல் அளந்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பள்ளி ஆண்டில் ஏறக்குறைய அரை கிலோ எடை குறைவாகக் கூடியது.

அரை கிலோதானா என்று தோன்றும். வளரும் பிள்ளைகளிடம், ஊர் முழுக்க, அது சின்ன விஷயம் இல்லை. ஒப்பிட வேறு ஊர் இல்லாதிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது. முகாம் இத்தனை, துண்டறிக்கை இத்தனை என்று கணக்குக் காட்டுவதை மதிப்பீடு என்று நாம் ஏற்க முடியாது.

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு பள்ளியில் ஊர்ப் பிள்ளைகள் 70 பேர், காலனிப் பிள்ளைகள் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 70 பேர் தேறினாலே சராசரி தேறிவிடும். 30 பேர் நின்ற இடத்திலேயே நின்றாலும் அறிக்கையில் 'வெற்றி' என்றுதான் இருக்கும். குடியிருப்பு வாரியாகத் தனிக் கணக்கு வேண்டும் என்பது இதனால்தான். வகுப்பில் சாதி சொல்லி எழுப்பி எடை போடச் சொல்லவில்லை. அந்த அவமானத்தை நம்மில் பலர் பட்டிருக்கிறோம். பதிவேட்டில் பிரித்தால் போதும்.

'தினமும் ஒரு மணி நேரம் விளையாடு' என்று சுவரில் எழுதுகிறார்கள். மைதானம் ஊருக்குள் இருக்கிறது. காலனிப் பையன் அங்கே இறங்கி ஆட முடிகிறதா, ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறானா? மாணவர்களே, அக்டோபர் 2 கிராம சபையில் இதைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.