நினைவு மங்கும் துணைவரும் வீட்டு நிர்வாகமும்

ஹைதராபாத் மாநகரின் வடமேற்கில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது குகட்பள்ளி. முன்னாள் ஆந்திரப் பிரதேச வீட்டு வசதி வாரியம் நிறுவிய பெரியதொரு குடியிருப்பு அங்கு உண்டு. இத்தகைய குடியிருப்புகளில் வீட்டுப் பத்திரம், ஓய்வூதியக் கணக்கு, வைப்புத்தொகை யாவும் கணவர் ஒருவர் பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் பல. அக்கணவருக்கே நினைவு தடுமாறத் தொடங்கினால், அதுவரை வங்கிப் படியேறாத மனைவி என் செய்வார்?

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் முதுமையின் இயல்பான தளர்ச்சியன்று; மூளையின் உயிரணுக்கள் பழுதுறுவதால் விளைவது. 2023-இல் வெளியான தேசிய மதிப்பீடு ஒன்றின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 100-க்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். பெயர்கள் மறப்பதற்கு முன்னரே பணக் கணக்கு குழம்புவதும் உண்டு. மின்கட்டணத்தை இருமுறை செலுத்துவதும், அறிமுகமற்றவர் தொலைபேசியில் கேட்டவுடன் இரகசிய எண்ணைச் சொல்லிவிடுவதும் நோயின் தொடக்கக் குறிகளாக இருக்கலாம். தாமே ஒளித்துவைத்த பணத்தை மனைவி திருடிவிட்டதாகக் குற்றஞ்சாட்டுவோரும் உளர். மருத்துவர் அலோயிஸ் ஆல்ஸ்ஹைமர் 1901-இல் பிராங்க்பர்ட் நகரில் பரிசோதித்த பெண்மணியிடம் வீட்டார் முதலில் கண்ட அறிகுறியும் கணவர்மீது கொண்ட சந்தேகமே. இதை நன்றிகெட்ட செயலாகக் கொள்ளுதல் தவறு. வழக்காடி மெய்ப்பிக்க முயல்வதும் பயனற்றது.

முடிவெடுக்கும் ஆற்றல் ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. வீட்டை விற்கலாமா என்று ஆராய இயலாதவர், எந்த மகனிடம் வசிப்பது, எந்தக் கோயிலுக்குச் செல்வது என்பவற்றில் திட்டமான விருப்பம் உடையவராக இருக்கக்கூடும். ஆகவே எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து ஒருங்கே பறிப்பது நியாயமன்று. “இன்று என்ன சமைக்கலாம்?” என்று கேட்பதினும், “இட்டிலியா, உப்புமாவா?” என்று கேட்டால் விடை எளிதில் வரும். காலை நேரத்தில், வானொலியும் தொலைக்காட்சியும் நிறுத்தப்பட்டிருக்கும்போது கேட்பது இன்னும் நன்று.

எம்மொழியில் கேட்பது என்பதும் சிந்திக்கத் தக்கது. அலுவலகத்தில் தெலுங்கோ ஆங்கிலமோ பேசி வாழ்ந்த தமிழர், நோய் முற்றும்போது தாய்மொழிக்கே திரும்புவதுண்டு. மொழிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றிய புகழ்பெற்ற ஆராய்ச்சி ஒன்று ஹைதராபாதிலேயே நிகழ்ந்தது. நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து, முடிவை 2013-இல் வெளியிட்டனர். இருமொழியாளரிடம் நோய் சுமார் நான்கரை ஆண்டுகள் தாமதித்தே தோன்றியிருந்தது. எழுத்தறியாதோரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. ஆசிரியர்கள் இதைக் கேட்டு மகிழலாம். எனினும் மொழியறிவு நோயைத் தடுத்துவிடும் என்று மாணவர்க்குச் சொல்லுதல் கூடாது.

சட்டத்தின் நிலை பலர் எண்ணுவதற்கு மாறானது. பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்பர். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, அதிகாரம் அளித்தவர் சித்த சுவாதீனம் இழந்ததும் அந்த அதிகாரம் பொதுவாக முடிவுறுகிறது. எந்நாளுக்கென்று எழுதப்பட்டதோ அந்நாளில் பத்திரம் பயனற்றுப் போகிறது! நாமினியாகப் பெயர் குறிப்பதும் கணக்குடையவர் மறைந்த பின்னரே பயன் தரும். அவர் உயிருடனிருக்கையில் மனைவியால் பணம் எடுக்க இயலாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் வழி செய்கிறது. சொத்துக்கு அது வழி கூறவில்லை. சொத்தைக் கையாள உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டி வருகிறது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், உணர்விழந்து கிடந்த கணவரின் சொத்துக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. முதலில் தனி நீதிபதியிடம் மனு தள்ளுபடியாகி, மேல்முறையீட்டிலேயே அவருக்கு நிவாரணம் கிட்டிற்று. நோயாளியைக் கவனித்துக்கொண்டே இத்தனை படி ஏறுவது எளிதோ?

எனவே நோய் உறுதியானவுடன், கணவருக்கு இன்னும் விளங்கும் நாட்களிலேயே, சேமிப்புக் கணக்கை இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக்கிக் கொள்ளுதல் வேண்டும். உயில் எழுதுவதாயின் அதுவும் அப்போதே. அன்றைய மனத்தெளிவு குறித்து மருத்துவர் சான்று பெற்று வைத்தல் பின்னாளைய வழக்கைத் தவிர்க்க உதவும். கடவுச்சொற்கள், காப்பீட்டுப் பத்திரங்கள், கொடுத்த கடன், வாங்கிய கடன் இவற்றை அவரே சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். தாம் இன்னும் வீட்டுத் தலைவர் என்ற நிறைவும் அவருக்கு அதனால் உண்டாகும்.

கள ஊழியர்கள் வீடுதோறும் செல்லும்போது, நோயாளியைப் பற்றி விசாரிப்பதுடன் மனைவி இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறார் என்றும் கேட்பது நலம். முதியோருக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணைக் குறித்துக் கொடுக்கலாம். அதற்கு வித்திட்ட உதவித் திட்டம் 2017-இல் ஹைதராபாதில் தொடங்கப்பட்டது. குகட்பள்ளியில் மெட்ரோ ரயிலேறினால், வண்டி மாறாமலே நிஜாம் நிலையம் அமைந்துள்ள பஞ்சகுட்டாவில் இறங்கலாம். முதல் முறை செல்லும்போது நோட்டை உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும்.